அண்ணியின் வலது காலும் நூறு படமும்

அண்ணியின் கண் வலிக்கக் கூடாதே என்று ஒரு கொழுந்தன் ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்த பொருள், அண்ணியின் காலைக் கெடுத்து வைத்தது. வேண்டுமென்று செய்யவில்லை. பிரியத்தில் செய்ததால்தான் அதன்மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

ஆட்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலே பேர்தான், பயப்படாதீர்கள். அண்ணன், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறவர். வேன் சொந்த வேன். அவர் மனைவிதான் அண்ணி. அண்ணனின் தம்பிக்கு வீட்டில் சின்னவர் என்று பெயர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். சின்னவரின் மனைவி சின்னவள். அவளுக்கு ஒரு ஒலிக்கூடத்தில் வேலை. வேற்று மொழியில் எடுத்த தொடர்களுக்கு நம் மொழியில் குரல் பேசிக் கொடுப்பார்கள் அல்லவா, அந்தக் குரலைத் திரையில் உதடு அசையும் நேரத்தோடு ஒட்டிவைக்கிறவள் அவள். கீழே டிரைவிங் ஸ்கூல், மேலே இரண்டு குடும்பமும். மாடிப்படி ஒன்றே.

அண்ணனுக்கு வலது முட்டி தேய்ந்துபோய், அதைத் திறந்து பார்த்துத் தைத்த டாக்டர், "இனிமே நீங்க வண்டில பின் சீட்டுக்காரர்தான்" என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் பெரிய விடுமுறையில் இருந்தது. திறக்கும்போது வீட்டிலிருந்து யாராவது லைசென்ஸோடு வந்தால் அதே பிள்ளைகள், அதே தெருக்கள்; இல்லையென்றால் வேறு வேன் பார்த்துக்கொள்கிறோம் என்று பள்ளியில் சொன்னார்கள். தப்பில்லை, அவர்களும் பிள்ளைகளைக் கொண்டு சேர்க்க வேண்டுமே.

அண்ணி அந்த வேனில் வருஷக்கணக்காகக் கதவோரம் உட்கார்ந்து போனவர். எந்தப் பிள்ளை வாசலில் அழும், எது ஏறினதும் தூங்கும், எதற்கு ஜன்னலோரம் கொடுத்தால் வாந்தி வராது, எல்லாம் அத்துப்படி. ஸ்டீயரிங் மட்டும்தான் தெரியாது.

"நானே ஓட்டறேன்" என்றார் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது.

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "என்னத்த?"

"வேனத்தான். உங்கள என்ன இனிமே ஓட்டறது, அதான் இத்தன வருஷமா ஓட்டிட்டேனே."

சின்னவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் அரை டிராயர் போட்டுத் திரிந்த காலத்தில் இந்த வீட்டுக்கு வந்தவர் அண்ணி. அவருக்கு முதன்முதலாக சைக்கிள் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியவரும் அவர்தான். இப்போது தன் முறை வந்துவிட்டது என்று துள்ளினார். ஆனால் விடுமுறைக் காலம் டிரைவிங் ஸ்கூலுக்கு அறுவடைக் காலம். இருக்கிற இரண்டு காரிலும் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆள் மாற்றி ஆள். காசு கட்டி வந்தவர்களை எழுப்பிவிட்டு அண்ணியை உட்கார வைக்க முடியுமா? நடுவில் கிடைக்கிற சந்தில் கொஞ்சம் கார், மற்ற நேரமெல்லாம் பின் அறையில் இருந்த சிமுலேட்டர் என்று முடிவாயிற்று.

வீட்டில் அதற்குப் பெயர் பொம்மைக் கார். பழைய காரிலிருந்து கழற்றிய சீட், ஒரு ஸ்டீயரிங், தரையில் திருகி வைத்த மூன்று பெடல்கள், எதிரே திரை. பிரேக்கை மிதித்தால் பெடலிலிருந்தே 'டக்' என்று சத்தம் வரும். திரையில் ஒரு சாலை ஓடும், சிக்னல் வரும், வெள்ளைக் கோடு வரும், கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். அண்ணி முதல் வாரமே ஒழுங்காக நிறுத்தினார். பிரச்சினை காலில் இல்லை, கண்ணில். திரையில் சாலை வெட்டி வெட்டி ஓடியது. அரை மணி நேரம் உட்கார்ந்தால் அண்ணி கண்ணைக் கசக்கிக்கொண்டு, நெற்றியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார். சின்னவரால் அதைப் பார்க்க முடியவில்லை.

அந்தச் சாலையை வரைந்து தள்ளுவது கம்ப்யூட்டருக்குள் செருகியிருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு. சின்ன வயதில் புத்தக ஓரத்தில் பொம்மை வரைந்து சரசரவென்று புரட்டியிருப்பீர்களே, அதே சங்கதிதான். ஒரு நொடிக்கு எத்தனை படம் வரைகிறதோ, அந்த அளவுக்கு வழுவழுவென்று ஓடும். பழைய கார்டு நொடிக்கு முப்பது வரைந்தது. சின்னவர் கடைக்குப் போய், புதிதாக வந்ததிலேயே நல்லதாகப் பார்த்து வாங்கி வந்தார். பெட்டி கறுப்பு நிறம். அதன்மேல் ஓர் ஆள் உயரம் என்று சொல்லுமளவுக்கு ஒரு '4', பக்கத்தில் 'மடங்கு வேகம்'.

"அண்ணி, கண்ண மூடிக்கிட்டு வாங்க" என்று கையைப் பிடித்துப் பின் அறைக்கு அழைத்துப் போனார்.

"கண்ண மூடிட்டு ஓட்டவா கத்துக் குடுக்கப் போற?"

"தொறங்க இப்ப."

ஒரு திரை இருந்த இடத்தில் மூன்று. நடுவில் சாலை, இரு பக்கமும் மரம், கடை, நடந்து போகிற ஜனம். மழை பெய்துகொண்டிருந்தது. ஒவ்வோர் இலைக்கும் நிழல். தண்ணீர் தேங்கிய இடத்தில் சிக்னலின் சிவப்பு தெரிந்தது. எதுவும் வெட்டவில்லை, எண்ணெய் தடவினது மாதிரி வழுக்கி ஓடியது. திரையின் மூலையில் பச்சை எழுத்தில் ஒரு எண்: நூறு.

"முப்பதுல ஓடிச்சு, இப்ப நூறு. பாத்தீங்களா? கார்டுக்கு இன்னும் இடம் இருக்குதுன்னு எல்லாத்தையும் போட்டு விட்டுட்டேன். மழை, நிழல், சைடு திரை, எல்லாம்."

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்காகவா இத்தனையும்?"

"பின்ன யாருக்கு?"

அந்த நல்ல மனசோடு அண்ணி சீட்டில் உட்கார்ந்தார். கியர் போட்டார். சிக்னல் வந்தது, மிதித்தார். வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது கார்.

"முதல் தடவைதானே" என்றார் சின்னவர்.

மறுபடியும் தாண்டியது. அடுத்த நாளும் தாண்டியது. முன்பு ஒழுங்காக நின்றுகொண்டிருந்த கோட்டை இப்போது தினமும் ஏறி மிதித்தார் அண்ணி. ஒரு தடவை கோட்டில் நடந்துபோன தாத்தா ஒருவரை இடித்துவிட்டார். திரையில் இருக்கிற தாத்தாதான், ஆனாலும் அன்று முழுக்க அண்ணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சின்னவர் தானும் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார். அவரும் கொஞ்சம் தாண்டித்தான் நின்றார். "பெடல் ஸ்பிரிங் லூசாயிருக்கும்" என்று திருகை இறுக்கினார். மூலையைப் பார்த்தார். நூறு என்று காட்டியது. நூறு காட்டுகிற இயந்திரத்தில் எப்படிக் குற்றம் இருக்கும்?

அண்ணி லேசில் விடுகிறவர் இல்லை. மதியம் எல்லோரும் கண் அசரும் நேரத்தில் தனியாகக் கீழே இறங்கி வந்து, திரும்பத் திரும்ப ஓட்டினார். மெல்ல மெல்ல கோட்டில் நிற்க ஆரம்பித்தது கார். வாரங்கள் போனதும், பத்துக்குப் பத்தும் கோட்டில். சின்னவர் கை தட்டினார். மற்ற மாணவர்கள் பொம்மைக் காரில் இரண்டு மூன்று முறை உட்கார்ந்து பார்த்துவிட்டு நிஜக் காருக்குப் போய்விடுவார்கள். தினமும் அதிலேயே கிடந்தது அண்ணி ஒருவர்தான்.

நிஜக் காரில் ஏறியபோதுதான் வேடிக்கை. அண்ணி கோட்டுக்கு இரண்டு தப்படி முன்னாலேயே நின்றார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். "பயம்தான் அண்ணி, வேற ஒண்ணும் இல்ல. கிட்டக்கப் போங்க" என்றார் சின்னவர். கிட்டப் போகத்தான் நினைத்தார். கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அதுபாட்டுக்கு முந்திக்கொண்டு மிதித்தது.

டெஸ்டிலும் அப்படியே நடந்தது. பரிசோதிக்கும் அதிகாரி நல்ல மனிதர்தான், சள்ளென்று விழவில்லை. "கோடு அங்க இருக்கும்மா, நீங்க இங்க நிக்கறீங்க. ரெண்டு தடவ பாத்தேன், மூணு தடவ பாத்தேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டார். பள்ளி திறப்பதற்குள் இன்னும் ஒரே ஒரு முறை வரலாம் என்று தேதி கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் வலது காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அதை என்ன அப்படி முறைக்கற?" என்றார் அண்ணன்.

"உங்க முட்டி போச்சு. எனக்கு பாதமே போச்சு போல. மெஷின்ல தாண்டிச்சு, நிஜத்துல முந்துது. இத நம்பி எப்படிப் பிள்ளைங்கள ஏத்தறது? நாளைக்கு ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

இருபது பிள்ளைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டியவர் அண்ணன். அந்தப் பயத்தைக் கேலி செய்ய அவருக்கு வாய் வரவில்லை.

அண்ணியின் பயம் அதுதான், கண்ணுகளா. வேன் போனால் இன்னொரு பிழைப்பு கிடைக்கும். தன் காலையே நம்ப முடியாமல் போனால்?

சின்னவளுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அன்று மத்தியானம் அக்காவுக்கு டீ எடுத்துக்கொண்டு பின் அறைக்குள் போனாள். ஓரகத்தியை அவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அண்ணி ஓட்டிக்கொண்டிருந்தார். சின்னவள் டம்ளரை வைத்துவிட்டு, வழக்கம்போல ஒரு வார்த்தை பேசலாம் என்று நின்றவள், திரையைப் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுளித்தாள். பல் இடுக்கில் ஏதோ மாட்டிக்கொண்டது போல ஒரு சுளிப்பு.

"என்னம்மா, டீல சக்கர போட மறந்துட்டியா?"

"இல்லக்கா. இன்னொரு தடவ பிரேக் போடுங்க."

டக்.

"இன்னொரு தடவ."

டக்.

திரையில் தெரிந்த டாஷ்போர்டில் பிரேக் போட்டால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். சின்னவளின் பிழைப்பே சத்தமும் அசைவும் சேர்கிறதா என்று பார்ப்பதுதான். ஒரு நாள் முழுக்க அடுத்தவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு, 'டக்' கேட்டு முடிந்த பிறகு விளக்கு எரிவது கல்யாண போட்டோவில் யாரோ கண்ணை மூடிக்கொண்டு நிற்பது மாதிரி உறுத்தியது. அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. நேராகப் போய்ப் புருஷனைப் பிடித்தாள்.

"என்னங்க, அந்த பொம்மைக் கார்ல சத்தம் முன்னாடி வருது, படம் பின்னாடி வருது."

"நூறு ஓடுதும்மா அதுல!"

"ஆயிரம் ஓடட்டும். லேட்டா ஓடுது."

"உனக்கு எல்லாமே டப்பிங்காத்தான் தெரியும்."

"நீங்க பேசறதும் உதடும் கூட சில நேரம் ஒட்ட மாட்டேங்குது. வாங்க கடைக்கு."

கடைக்காரர் குண்டான மனிதர், கழுத்தில் கண்ணாடியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். மேசை முழுக்கத் திருகாணிகள். சின்னவர் கறுப்புப் பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"நாலு மடங்குன்னு போட்டிருக்கு?"

"போட்டிருக்கு."

"அப்ப ஏன் லேட்டா வருது?"

கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த '4'-இன் காலடியில் எறும்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த நட்சத்திரக் குறியைக் காட்டினார். அதே நட்சத்திரம் பெட்டியின் அடிப்பக்கத்தில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: இடைப்படம் உருவாக்கும் வசதியுடன் அளக்கப்பட்டது.

"இடைப்படம்னா?" என்றாள் சின்னவள்.

"இப்ப பாரும்மா. கார்டு ஒரு படத்த நிஜமா வரையும். அடுத்த படத்தையும் வரையும். ரெண்டுக்கும் நடுவுல இப்படி இப்படி இருந்திருக்கும்னு அதுவே யோசிச்சு மூணு படத்தப் போட்டு நிரப்பிரும். வரைஞ்சது ஒண்ணு, யூகம் மூணு. எண்ணும்போது நாலு."

"நடுவுல போடறதுக்கு, அடுத்த படம் முதல்லயே கையில இருக்கணுமே?"

"இருக்கணும்."

"அதை உடனே காட்டாதா?"

"நடுவுல உள்ளதக் காட்டி முடிச்சிட்டுத்தானம்மா அதக் காட்ட முடியும்."

"அப்ப நிஜத்தக் கையில வச்சுக்கிட்டே யூகத்தக் காட்டிட்டு இருக்கு."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "படம் பாக்கறதுக்கு ஜோரா இருக்கும்மா. பெடல மிதிக்கறவங்களுக்குத்தான்..." என்று இழுத்தார். பிறகு சின்னவரிடம், "திரை எத்தன வச்சிருக்கீங்க?"

"மூணு."

"மழை?"

"போட்டிருக்கேன்."

"நிழல்?"

சின்னவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்ப நிஜமா வரையறது நொடிக்கு இருபத்தஞ்சுதான் இருக்கும். இருபத்தஞ்ச நாலால பெருக்கித்தான் உங்களுக்கு நூறு. பழைய கார்டு?"

"முப்பது" என்றார் சின்னவர். முகத்தில் ஈயாடவில்லை. மூலையில் நூறு இருக்கிறதே, இடம் நிறைய இருக்கிறதே என்று நம்பி, மழையும் நிழலும் ஏற்றி, பழைய கார்டைவிடப் புதியதை மெதுவாக்கி வைத்தவர் அவரேதான். "நல்ல கார்டுதான் சார். ஒத்தத் திரையில, மழை இல்லாம ஓட்டினா பழசவிட ஒண்ணரை மடங்கு வரும்" என்றார் கடைக்காரர். "நாலு மடங்குன்னு கம்பெனி ஆளு எங்கிட்டயும் அப்படித்தான் சொல்லிட்டுப் போனான். நானும் பெட்டியப் பாத்துதான் சொன்னேன், சத்தியமா. இப்படிப் பெடல் வச்சு ஓட்டறீங்கன்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்." அந்த வசதியை எங்கே போய் அணைப்பது என்று ஒரு துண்டுச் சீட்டில் படம் போட்டும் கொடுத்தார்.

வழியெல்லாம் சின்னவள் சொல்லிக்கொண்டே வந்தாள். "அக்காகிட்ட உடனே சொல்லிடுங்க."

"சொல்றேன், சொல்றேன். முதல்ல சரி பண்ணிடறேன்."

"சரி பண்றதுக்கு முன்னாடி சொல்லுங்க."

"ஆசையா வாங்கிக் குடுத்துட்டு, அதனாலதான் நீங்க ஃபெயிலானீங்கன்னு எந்த வாயால சொல்றது? கொஞ்சம் பொறு."

ஆண்பிள்ளைகளுக்கு இந்த ஒரு வியாதி உண்டு. பழுதை ஓசைப்படாமல் சரி பண்ணிவிட்டால் பழுதே நடக்கவில்லை என்று நினைப்பு. மறுநாள் விடிந்ததும், சின்னவள் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, பூனை மாதிரி பின் அறைக்குள் போனார். மழையை நிறுத்தினார், நிழலை எடுத்தார், பக்கத் திரைகளை அணைத்தார், இடைப்படத்தையும் அணைத்தார். மூலையில் இருந்த எண்ணையே மறைத்துவிட்டார். யாரிடமும் ஒரு வார்த்தை இல்லை.

அண்ணி வந்து உட்கார்ந்தார். "என்ன தம்பி, மழை விட்டுருச்சா?"

"ஆமா அண்ணி, வெயில்ல கொஞ்சம் ஓட்டிப் பழகுங்க."

இப்போது இயந்திரம் உண்மை சொன்னது. ஆனால் கால்? அது அத்தனை வாரமும் தாமதத்துக்குப் பழகி, முந்தி மிதிக்கக் கற்று வைத்திருந்ததே! முதல் சிக்னலில் கார் கோட்டுக்கு வெகு முன்னால் நின்றது. இரண்டாவதிலும். மூன்றாவதில் அண்ணி வேண்டுமென்றே காலைப் பிடித்து வைத்தார், கோட்டைத் தாண்டி ஓடியது. நேற்று வரை பத்துக்குப் பத்து நிறுத்திய இடத்தில், இன்று ஒன்றுகூடத் தேறவில்லை.

அண்ணி இறங்கினார். சின்னவர் என்னமோ சொல்ல வாயெடுத்தார். அண்ணி அதைக் கவனிக்கவில்லை. "போதும் தம்பி" என்று மட்டும் சொன்னார். அழுதிருந்தால்கூடச் சின்னவருக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். அமைதியாக மாடி ஏறி, அண்ணனிடம், "வேனக் கேட்டாரே ஒருத்தர், அவர வரச் சொல்லுங்க" என்றார்.

வேன் கேட்டவர் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். வாசலில் நிறுத்தியிருந்த வண்டியைச் சுற்றி வந்து டயரை உதைத்தார், கதவை இழுத்து மூடிப் பார்த்தார், மட்கார்டைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். அண்ணன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். அண்ணி வேனுக்குள் ஏறி, ஒவ்வொரு சீட்டாகத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். விற்கிற வண்டியை எதற்கு அப்படித் துடைக்க வேண்டும்? கேட்கத்தான் யாருக்கும் தைரியமில்லை.

சின்னவள் புருஷனின் முதுகில் விரலால் ஒரு குத்துக் குத்தினாள். "இப்ப சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

சின்னவர் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அண்ணி, விக்க வேணாம்."

"ஏன்?"

"உங்க கால் நல்லாத்தான் இருக்கு. மெஷின்தான் தப்பு."

"சமாதானம் சொல்லாத தம்பி. நானென்ன சின்னக் குழந்தையா?"

"சமாதானம் இல்ல அண்ணி. நான் வாங்கின கார்டு. அதுல நூறுன்னு காட்டினது நூறில்ல, இருபத்தஞ்சுதான். மிச்சம் எல்லாம் அதுவா யூகிச்சுப் போட்ட படம். அதனால நீங்க மிதிச்சு, அப்புறமாத்தான் திரையில பிரேக் பிடிச்சுது. நீங்க அதுக்குத் தகுந்த மாதிரி முன்னாடியே மிதிக்கப் பழகிட்டீங்க. அதான் நிஜக் கார்ல முன்னாடி நின்னுது." மூச்சு விட்டுக்கொண்டார். "நேத்து அதை அமத்திட்டேன். உங்ககிட்ட சொல்லாம அமத்திட்டேன்."

அண்ணி துடைப்பதை நிறுத்தினார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"முந்தாநாள்."

"முந்தாநாளே தெரிஞ்சும், நேத்து என்ன அதுல உக்கார வச்சுட்டு பாத்துக்கிட்டு நின்ன?"

"ஆமா."

"டேய்!" என்றார் அண்ணி. அவர் சின்னவரை 'டேய்' என்று கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. "இத்தன வாரமா என் காலத் திட்டிக்கிட்டே இருந்தேன்டா! குளிக்கிறப்பகூட இந்தக் காலுக்கு மட்டும் சோப்பு போடாம வந்தேன்டா!" கையிலிருந்த துணியைச் சுருட்டி வீசினார். சின்னவர் குனிந்துவிட்டார். துணி வேன் கேட்க வந்தவரின் தோளில் போய் உட்கார்ந்தது.

"மன்னிச்சுக்கங்க" என்றார் அண்ணி அவரிடம்.

"பரவால்லம்மா" என்று துணியை எடுத்து மடித்து வைத்துக்கொண்டார் அவர். "அப்ப வண்டி குடுக்கறீங்களா, இல்லியா?"

அண்ணி சின்னவளைப் பார்த்தார். "நீ சொல்லு. இவன் சொல்றது நிஜமா, இல்ல என்னைத் தேத்தறதுக்கா?"

"நீங்களே பாருங்கக்கா. வாங்க."

எல்லோரும் பின் அறைக்குப் போனார்கள். வேன் கேட்க வந்தவரும் கூடவே வந்தார். இப்படி ஒரு வீட்டை விட்டுப் பாதியில் போக அவருக்கு மனமில்லை. சின்னவர் எல்லாவற்றையும் பழையபடி போட்டுவிட்டார். மழை, நிழல், நூறு. வீட்டு ஆள் யாரும் மிதிக்க வேண்டாம் என்று, சின்னவள் வாங்க வந்த வேன்காரரையே சீட்டில் உட்கார வைத்தாள்.

"நீங்க மிதிங்க. அக்கா, நீங்க சத்தத்தக் கேட்டுக்கிட்டே அந்தச் சிவப்பு விளக்கப் பாருங்க."

டக். ஒரு துளி நேரம் ஒன்றுமில்லை. பிறகு விளக்கு.

"அட, ஆமா" என்றார் வேன்காரர். "அப்புறமாத்தான் எரியுது." சிறுபிள்ளை மாதிரி இன்னும் நாலைந்து தடவை மிதித்தார்.

சின்னவர் மறுபடி எல்லாவற்றையும் அணைத்தார். டக், விளக்கு. இரண்டும் கைகோத்துக்கொண்டு வந்தன.

அண்ணி நெடுநேரம் அந்த விளக்கையே பார்த்தார். "அப்ப என் கால்..."

"உங்க கால் லேட்டா வர்ற படத்துக்கு ஈடு குடுத்திருக்கு, அக்கா. யாரும் சொல்லிக் குடுக்காம அதுவா கண்டுபிடிச்சு, அதுவா கத்துக்கிட்டிருக்கு. எனக்கு அந்த வேலைக்கு ஒரு மெஷினே குடுத்திருக்காங்க."

"என் கால் அவ்வளவு புத்திசாலியா?"

"கால் மட்டும்தான்" என்றார் அண்ணன்.

அண்ணி சிரித்துவிட்டார். சிரித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சின்னவர் அதைப் பார்த்துவிட்டு எங்கோ பார்த்தார். அண்ணி அவர் காதைப் பிடித்து இழுத்துத் தன் பக்கம் திருப்பினார். "ஆசையா வாங்கினது தப்பில்லடா. தெரிஞ்சப்ப சொல்லாம இருந்தது தப்பு. இனிமே எங்கிட்ட எதையும் அமுக்கமா சரி பண்ணாத."

"சரி அண்ணி."

வேன்காரர் சீட்டிலிருந்து எழுந்தார். "வண்டி இல்லைன்னு ஆயிருச்சு. டீயாவது கிடைக்குமா?" டீ கிடைத்தது. இரண்டு டம்ளர் குடித்தார்.

டெஸ்டுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒன்றைக் கற்ற காலுக்கு அதை மறக்க வைப்பதுதான் பாடு. அண்ணி, "அந்த பொம்மைக் காரே வேணாம். நிஜ வண்டி, நிஜக் கோடு" என்று சொல்லிவிட்டார். சின்னவர் ஒரு காரை மாணவர்களிடமிருந்து பிடுங்கினார். கேட்டவர்களுக்கெல்லாம் காரணத்தை ஒளிக்காமல் சொன்னார். ஒருவர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. மூடிக்கிடந்த கிடங்கின் முன்னால் இருந்த காலி இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார்கள்.

அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வரச் சொல்லி, கோட்டுக்கு நேர் முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அண்ணி காருக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "எந்திரிங்க அங்கிருந்து!"

"முட்டி வலிக்குது, எந்திரிக்க முடியாது. நீ வா."

"நீங்க எந்திரிக்கற வரைக்கும் நான் சாவியே போட மாட்டேன்."

"நான் உன்ன நம்பறேன்ல?"

"நான் நம்பறதுக்கு முன்னாடி நீங்க ஏன் நம்பறீங்க? ஓரமாப் போங்க, சொல்றேன்ல!"

சின்னவர் நாற்காலியோடு அண்ணனைத் தூக்கிக் கோட்டின் ஓரத்தில் வைத்தார். அங்கேயிருந்து சக்கரம் எங்கே நிற்கிறதென்று அண்ணன் கத்திச் சொன்னார். "முன்ன!... முன்ன!... தாண்டிட்ட!... மறுபடியும் முன்ன!" சாயங்காலம் வேலை முடிந்து சின்னவளும் வந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்வாள். "அக்கா, யோசிக்காதீங்க. கோட்டப் பாத்துக்கிட்டு 'நில்'லுன்னு வாய்விட்டு சொல்லுங்க. சொல்ற அதே நேரம் மிதிங்க. வாயும் காலும் ஒட்டணும், அவ்வளவுதான்." அண்ணி சொல்லிச் சொல்லி மிதித்தார். 'நில்.' 'நில்.' 'நில்லுடா பாவி.' முதலில் வாய் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பிறகு ஒரு நாள் அண்ணன் கத்துவதை நிறுத்திவிட்டார். கோட்டில் நின்றபோதெல்லாம் கைத்தடியைத் தரையில் ஒரு தட்டு, வேறு பேச்சில்லை. கடைசி நாளில் தட்டித் தட்டிக் கை வலித்தது என்றார்.

டெஸ்ட் அன்று அதே அதிகாரி. அண்ணியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். "கிட்டக்க வருவீங்களா இந்தத் தடவ?"

"வருவேன் சார். வந்தாத்தான் ஸ்கூல் வேன எடுக்க முடியும்."

அண்ணனும் சின்னவரும் சின்னவளும் கம்பி வேலிக்கு வெளியே நின்றார்கள். கார் கிளம்பிப் போனது. வளைவில் மறைந்தது. திரும்பி வந்தது. கடைசிக் கோடு வேலிக்கு நேர் எதிரேதான். கண்ணாடிக்குப் பின்னால் அண்ணியின் வாய் லேசாக அசைந்தது சின்னவளுக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. கார் நின்றது.

அதிகாரி கதவைத் திறந்து இறங்கி, குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். எழுந்து, மறுபடி குனிந்து பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் வந்து, "அந்த வேன்ல எத்தன பிள்ளைங்கம்மா?" என்று கேட்டார்.

"இருபது சார்."

"பாத்துக் கூட்டிட்டுப் போங்க" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சின்னவர் வேலியைச் சுற்றி ஓடி வந்து கார்க் கதவைத் திறந்தார். "இறங்குங்க அண்ணி!"

அண்ணி இறங்கவில்லை. வலது கால் நடுங்கிக்கொண்டிருந்தது. முட்டிக்குக் கீழே புடவை படபடவென்று அடித்துக்கொண்டது. சின்னவர் பயந்துபோய்த் தரையில் மண்டியிட்டு அந்தக் காலை இரு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"என்ன அண்ணி, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லடா, விடு" என்றார் அண்ணி. முகமெல்லாம் சிரிப்பு. "வேல முடியற வரைக்கும் பொறுமையா இருந்துச்சு. இப்ப கொஞ்சம் நடுங்கிக்கட்டும், பாவம்."